மாப்பிள்ளை சட்டை காய்ந்த விதம்

வால்பாறை மழையில் பனியன் காய ஒரு வாரமாகும். அதனால் சுடலைமுத்துவும் தம்பிகள் இருவரும் துணி காயவைக்கும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் நாட்டில் இல்லையென்று புலம்புகிறவர்கள், தயவுசெய்து இவர்களை ஒருமுறை பார்க்கவும்.

கடைக்குட்டி இசக்கிப்பாண்டிக்கு அன்று நாலு மணிக்குப் பெண் பார்க்கும் சடங்கு. இருப்பது ஒரே வெள்ளைச் சட்டை, அதுவும் ஈரம். மெஷினோ சுற்ற மறுத்தது.

எலக்ட்ரீஷியன் அந்தோணிக்குப் போன் போட்டார்கள். மெயினை அணைத்துவிட்டு, பிளக்கை வேறு பாயிண்டில் மாட்டிப் பார்க்கச் சொன்னான். அணைத்தார்கள். வீட்டிலிருந்த எல்லாப் பாயிண்டிலும் மாட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம். நடுவில் டீ குடிக்க அடுப்படிக்குப் போன அடுத்த தம்பி வெள்ளத்துரை யோசனையோடு திரும்பி வந்தான்.

"அண்ணே, லைட்டும் எரியல. மிக்சியும் ஓடல."

சுடலைமுத்து நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"தொத்து வியாதிலே இது. மெஷின்லேர்ந்து மத்ததுக்கும் பரவிட்டு."

"அப்ப டிவி?"

"அதுக்கும் வந்திருக்கும். போய்ப் பாரு."

வந்திருந்தது. மேலும் பரவாமலிருக்க மெஷினைத் தூக்கி விறகுக் கொட்டகையில் தனியாக வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளுமோ என்று உள்ளே கிடந்த சட்டையை யாரும் தொடவில்லை.

கடைசியில் அந்தோணியே வந்து மெயினைப் போட்டான். வீடு மொத்தமும் ஒரே நொடியில் குணமானது. மெஷினை உள்ளே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தான். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"ஏன் மூடல?"

"மூடினா எப்படிக் காயும்? காத்துப் பட வேண்டாமா?" என்றான் வெள்ளத்துரை.

அந்தோணி கதவை மூடினான், மெஷின் சுற்றியது. காய்கிற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதை அவன் சொல்லாமலிருந்திருக்கலாம்.

மூன்றரைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே நாலு மணிக்கு, பெண்வீட்டு வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து முதலில் மெஷின் இறங்கியது. பிறகு துண்டு போர்த்திய மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை சட்டை உள்ளதான் இருக்கு," என்றார் சுடலைமுத்து, கும்பிட்டபடியே. "பாயிண்ட் எங்க இருக்கு?"

பெண்ணின் அப்பா தவசிக்கனி பாயிண்டைக் காட்டினார். பிளக்கை மாட்டப் போன வெள்ளத்துரையின் கையைப் பதறிப்போய்ப் பிடித்தார்.

"இருங்க தம்பி. கரண்டு விஷயம்," என்று ஸ்டூல் மேல் ஏறி மெயினை அணைத்தார். "இப்ப மாட்டுங்க."

மாட்டினார்கள். மழை மூட்டத்தின் இருட்டில் எல்லோரும் பஜ்ஜி தின்றபடி சட்டை காயக் காத்திருந்தார்கள். சுடலைமுத்து தம்பியின் காதில் சொன்னார்:

"நம்ம குடும்பத்துக்கு ஏத்த எடம்லே."