சுட்டியின் பேரில் ஒரு சீட்டு

உடைமரக் காட்டுக் குளக்கரையில் ஒரு வெள்ளாடு நின்று அழுதுகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குப் பேர் சுட்டி. குணத்துக்கும் அந்தப் பேர் நன்றாகவே பொருந்தியது!

சும்மா அழவில்லை. செய்த காரியம் அப்படி. வேதமுத்து என்ற மேய்ப்பரின் மந்தையில் கழுத்து மணியோடு முன்னால் நடந்தது இந்தச் சுட்டிதான். மணிச் சத்தம் போகும் பக்கம் மற்ற ஆடுகளும் போகும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நரி வந்து, "காட்டுக்குள்ள பச்சைப்பசேல்னு புல்லு கெடக்கு!" என்றது. சுட்டி அதை நம்பி, பட்டியின் வாசல் படலைத் தன் கொம்பால் நெம்பித் திறந்தது. மந்தை முழுவதும் பின்னாலேயே காட்டுக்குள் போய்விட்டது.

வேதமுத்து வெறுங்காலோடு ஓடிவந்தார். பாதத்தில் ஒரு உடைமுள் முழுசாக ஏறியது. அதோடு நொண்டி நொண்டி எல்லா ஆடுகளையும் சேர்த்துவிட்டார். சுட்டி மட்டும் கிடைக்கவில்லை. "சுட்டி! ஏ சுட்டி!" என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார். அது பக்கத்துப் புதருக்குள்தான் இருந்தது. ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே! மணி ஒலித்துவிடக் கூடாது என்று அதைக்கூட மண்ணில் அழுத்தி அடைத்துக்கொண்டது, அழுத்தக்காரி!

இப்போது மழை இல்லை. புல்லும் இல்லை. முள் நிறைந்த இண்டங்கொடி ஒன்று கழுத்தில் சுற்றி, இழுக்க இழுக்க இறுகியது. தண்ணீர்கூட இறங்கவில்லை.

அப்போது ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. ஊரில் வேதக்கோயில் சிலுவைக் கோபுரத்தில் குடியிருக்கிற காக்கா அது.

"சுட்டியக்கா, சேதி தெரியுமா? இன்னைக்குக் கோயில்ல அசனம்! ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடப் போவுது. போன ஞாயித்துக்கிழமை பாதிரி ஐயரு அறிவிப்பு வாசிக்கையில உன் பேரும் வந்துச்சு! வேதமுத்துதான் சீட்டுல எழுதிக் குடுத்தாராம்."

"என் பேரா? எதுக்கு?"

"அதைக் கேக்குறதுக்குள்ள வெளியே யாரோ அரிசி களையிற சத்தம் கேட்டுச்சு. நான் பறந்துட்டேன்!"

புதருக்குப் பின்னால் நின்ற அதே நரி சிரித்துக்கொண்டே வந்தது. "இதுகூடப் புரியலையா? அசனத்துக்கு அண்டாவுல போடத்தான் உன் பேரைக் குடுத்திருக்காரு! பேசாம என் குகைக்கு வந்துரு. உள்ள அருமையான புல்லு இருக்கு."

"குகைக்குள்ள புல்லு மொளைக்குமாண்ணே?"

நரி எச்சிலை விழுங்கியது. "அது... இருட்டுல மொளைக்கிற சாதி!"

சுட்டிக்கு அப்போதுதான் கண் திறந்தது. இங்கே நரியின் பல். அங்கே அசனத்துக் கத்தி. நொண்டிக்கொண்டு போன அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்தது.

"நரியண்ணே, உன் பல்லுல சாவுறதுக்கு அந்த மனுசன் கையால செத்துப் போறேன். மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது சாவுறேன்!"

சொல்லிவிட்டு எடுத்தது ஓட்டம்! நரியும் விடவில்லை. ஊர் எல்லையில் வேதமுத்துவின் செவலை நாய் குரைத்த பிறகுதான் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது.

ஆனால் செவலை சுட்டியையும் மறித்தது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே? அவரு காலைப் பாத்தியா?"

"பாத்தேன்ணே. அதான் வந்தேன்."

கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வேதமுத்து கையில் பெரிய கத்தியோடு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சுட்டி நேரே போய் அவர் காலடியில் கழுத்தை நீட்டிப் படுத்தது.

"ஐயா, படலைத் திறந்தது நான்தான். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டும் ஒளிஞ்சுக்கிட்டேன். வெட்டிருங்க!"

சரக்!

கழுத்து லேசானது. சுட்டி மெல்லக் கண்ணைத் திறந்தது. இண்டங்கொடி இரண்டாகக் கீழே கிடந்தது. வேதமுத்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"ஏ மக்கா, எங்க போயிக் கெடந்தே? எம்புட்டு மெலிஞ்சிட்டே!"

"அசனத்துக்கு என்னை வெட்டலையா? என் பேரைச் சீட்டுல குடுத்தீங்களாமே!"

வேதமுத்துவுக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அடி கோட்டிக்காரி! அசனத்துக்குப் பூசணிக்காய் சாம்பாரு. இந்தக் கத்தி அதுக்குத்தான். நான் குடுத்தது ஜெபச் சீட்டு! 'சுட்டி திரும்பி வரணும் ஆண்டவரே'ன்னு நீ போன நாளிலேருந்து வாராவாரம் குடுக்கேன். என் கையெழுத்தைப் பாத்தாலே ஐயரு 'சுட்டிதானே?'ன்னு கேக்காரு!"

மூன்று மாதமாகத் தனக்காக ஊரே ஜெபித்ததா? தான் புதருக்குள் ஒளிந்திருந்தபோதெல்லாமா? சுட்டி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வேதமுத்து அதன் மணிக்குள் இறுகியிருந்த மண்ணைத் துண்டு நுனியால் நோண்டி எடுத்தார். மணி பழையபடி ஒலித்தது.

செவலைக்குப் பொறுக்கவில்லை. "மணியும் இதுக்குத்தானா? நாங்க ஓடாம ஒழுங்கா இருக்கோமே!"

"செவலை, நானும் இந்தக் கோயில் வாசலை மிதிக்காம பத்து வருசம் குடிச்சுத் திரிஞ்சவன். ஒரு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன். ஆண்டவர் என்னைத் தள்ளலை. இதே அசனப் பந்தியில எனக்கும் ஒரு இலை விழுந்துச்சு. அன்னைக்குச் சாப்பிட்ட சோத்தை நினைச்சா இன்னைக்கும் கண்ணு கலங்குது. அவரு எனக்குச் செஞ்சதை நான் இந்த வாயில்லாச் சீவனுக்குச் செய்யாண்டாமா?"

"வாயில்லாச் சீவனா! இதுவா?" என்றது செவலை. அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெல்ல வந்து சுட்டியின் கழுத்துப் புண்ணை நக்கிக் கொடுத்தது.

பந்திக்கு முன் ஐயர் புதுச் சீட்டு ஒன்றை வாசித்தார். "காணாமல் போன சுட்டி திரும்பி வந்ததற்காக வேதமுத்து ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறார்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. சுட்டிக்கு ஜெபிக்கத் தெரியாது. தலையை ஆட்டி ஆட்டி மணியை அடித்தது. அந்த மணிதான் அதன் ஸ்தோத்திரம். கோபுரத்துக் காக்கா அன்று சீட்டை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சோற்றுப் பக்கம் பறந்தது.

பூசணித் தோல் எல்லாம் சுட்டிக்கே கிடைத்தது. அதன்பின் காற்றில் படல் தானாகத் திறந்தாலும் சுட்டி வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும். ஒரு குட்டியையும் வெளியே விடாது.

ஆண்டவரை விட்டு எவ்வளவு தூரம் போயிருந்தாலும் பயந்துகொண்டாவது திரும்பி வந்துவிடுங்கள். நாம் ஒளிந்திருக்கும் நாளெல்லாம் நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர், வந்தவுடன் மன்னித்துச் சேர்த்துக்கொள்வார்.