காத்துல பறந்த மிளகாத்தூள்

ஒரு ஆத்தங்கரையில, தோணி வந்து நிக்கிற துறையில, செங்கமலம்னு ஒருத்தி இருந்தா. மக்காச்சோளம் சுட்டு, மேல உப்பும் மிளகாத்தூளும் தூவி விப்பா. அந்தக் கரையில காத்து ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

"காத்து பேசுமா அத்தை?"

பேசாது. வீசும், அவ்வளவுதான். ம் கொட்டு.

"ம்."

ஒரு நாள் அவ தூளை அள்ளித் தூவினா. காத்து விர்ர்ர்னு வந்துச்சு. தூள் கதிர்ல விழல, தோணிக்கு நின்ன ஒரு பெரியவர் கண்ணுல விழுந்துச்சு. "ஐயோ, எரியுதே!" தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவினாங்க. அப்போ தோணிக்காரர் மாடசாமி சொன்னார், "தாயி, இது ஒண்ணு. மூணாவது தடவை இங்க ஒருத்தர் கண்ணு எரிஞ்சா, அடுப்பைத் தூக்கிட்டுப் போயிரணும்."

அவளுக்குப் போக வேற இடம் இல்ல.

"அப்புறம்?"

அப்புறம் மறுநாள், காத்துக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு, கதிர் அடுப்புல இருக்கும்போதே தூவினா. பாதித் தூள் நெருப்புல கொட்டிருச்சு. குப்புனு நெடி! தோணியில இருந்தவங்க எல்லாம் லொக்கு லொக்கு, அச்சு அச்சு. ஆளாளுக்குக் கண்ணுல தண்ணி.

"ரெண்டு"ன்னார் மாடசாமி.

அன்னைக்கு வீட்டுல அவ ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கிட்டிருந்தா. ஒரு துண்டு கை தவறி, தூள் இருந்த கிண்ணத்துல விழுந்துச்சு. எடுத்து ஊதினா. அதுல ஒட்டின தூள் பறக்கல. உஃப்புனு பலமா ஊதினா. அப்பவும் பறக்கல.

அப்புறம் மறுநாள் துறைக்கு வந்து, கதிரை அடுப்புலேர்ந்து எடுத்துத் தள்ளி வெச்சா. ஈர எலுமிச்சம்பழத்தைத் தூள் டப்பாவுக்குள்ள விட்டா மொத்தத் தூளும் பூசணம் பிடிச்சிரும்ல? அதனால அப்போதைக்கு வேண்டிய தூளும் உப்பும் மட்டும் ஒரு தட்டுல எடுத்துக்கிட்டா. பாதிப் பழத்தை அதுல தொட்டு, கதிர் மேல சரக் சரக்னு தேச்சா. காத்து விர்ர்ர்னு வந்துச்சு. ஒண்ணும் பறக்கல.

"மொதல்ல நான் திங்கிறேன்"னார் மாடசாமி. தின்னார். தலையை ஆட்டினார். காரத்துல வேர்த்துச்சா, கையாலயே முகத்தைத் துடைச்சார்.

"ஆஆ! கண்ணு! கண்ணு!"

"மூணு ஆயிடுச்சா அத்தை?"

ம். செங்கமலம் அடுப்பை அணைக்கத் தண்ணி எடுத்தா. மாடசாமி திடுதிடுன்னு ஆத்துல இறங்கி, முகத்தைக் கழுவிக் கழுவி, ஒரு கண்ணு செவக்க ஏறி வந்தார்.

"இது உன் தூள் பறந்து வந்தது இல்ல தாயி, என் கை செஞ்சது. நீ இரு. தின்னவங்க கை கழுவ ஒரு குடம் தண்ணி மட்டும் பக்கத்துல வை."

வெச்சா. கதை கரை சேந்தாச்சு, கண்ணை மூடு.