விரல் நீட்டிய பித்தளைப் பாவை

முன்னொரு காலத்திலே, ஆந்தைக்குப் பகலிலும் கண் தெரிந்த காலத்திலே, கருங்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம். திருவிழா அன்று கோட்டை வாசல் பற்றி எரிந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். ராஜா நடுங்கிப்போனார். நடுங்குகிறவனுக்கு நிதானம் ஏது?

"யார் வைத்த தீ? இன்றைக்கே தெரிய வேண்டும்!"

மந்திரவாதி மாகாளன் ஒரு பித்தளைப் பாவையைக் கொண்டுவந்தான். அது சுற்றியது, சுற்றியது, சுற்றியது. வாணம் செய்து பிழைக்க வந்த வெளியூர்க்காரி பூவாயிக்கு நேரே விரல் நீட்டி நின்றது.

பாவை யாரைக் காட்டுதோ, அவர் குரல் எந்த மனுஷர் காதிலும் விழாது. "ஐயோ, நான் வைக்கலையே!" என்று கத்தினாள். வாய்தான் அசைந்தது.

"பார்த்தீர்களா, மறுக்கவே இல்லை!" என்றான் மாகாளன். அடப்பாவி!

மூன்று மாதம் சிறை. சோறு வைக்கிறவன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூவாயி தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டாள். பாவம், வேறு யார் கூப்பிடுவார்கள்?

"நான் கேக்கிறேன் தாயி, சொல்லு" என்றது சுவரிலிருந்த பல்லி. அவள் அழுது தீர்த்தாள்.

கழுமரம் நட்டார்கள். பூவாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். அவள் முந்தானையில் பல்லியும் வந்தது. ராஜா ஓலையில் முத்திரை வைக்கப் போனார்.

"ச்சு, ச்சு, ச்சு!"

பல்லி சொன்னால் அந்த ஊரில் எந்தக் காரியத்தையும் நிறுத்திவிடுவார்கள். ராஜாவும் நிறுத்தினார்.

"என் சொல்லுக்கு நிக்கிறீங்களே ராஜா, அவ சொல்லுக்கு நின்னீங்களா? மூணு தரம் கேளுங்க. பதிலுக்குக் காத்திருங்க. மந்திரம் உடையும்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "பூவாயி, உன் தரப்பு என்ன?" ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் கேட்டார். காத்திருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி" என்றது ஒரு கம்மிய குரல். குடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் தீ வைக்கலை. மாகாளன் பார்க்கிற பக்கம்தான் பாவை திரும்புது. அவன் கண்ணைக் கட்டிட்டுப் பாவையைச் சுத்தவிடுங்க."

கட்டினார்கள். பாவை சுற்றியது, சுற்றியது, சுற்றியது. குருட்டாம்போக்கில் ராஜாவின் மார்புக்கு நேரே நின்றது!

"ஐயோ, நான் வைக்கலையே!" என்று ராஜா கத்தினார். வாய்தான் அசைந்தது. சபை நிறைய ஆட்கள், ஒருவர் காதிலும் விழவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த மூன்று மாதம் புரிந்தது.

பூவாயி நினைத்திருந்தால் பேசாமல் போயிருக்கலாம். அவள் போகவில்லை. "ராஜா, உங்க தரப்பு என்ன?" என்று மூன்று தரம் கேட்டாள். காத்திருந்தாள்.

குரல் வந்ததும் ராஜா அழுதார். பாவையை உருக்கச் சொன்னார். பூவாயிக்கு வீடும் நிலமும் கொடுத்தார். உண்மையில் தீ வைத்தது யார் என்று முதலிலிருந்து விசாரிக்க ஆள் அனுப்பினார்.

"மாகாளனைக் கழுவில் ஏற்று!" என்று சபை கத்தியது.

ராஜா கை உயர்த்தினார். "பொறுங்கள். மாகாளா, உன் தரப்பு என்ன?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.