தேரிப் பாதையில் கடைசி ஆள்

“டீச்சர், அடுத்த வாரத்துலேருந்து நான் வரல” என்றார் பல் டாக்டர் ஆறுமுகநயினார்.

மணல் பாதை தொடங்கும் இடத்தில் பிளாவியா தன் சைக்கிள் சங்கிலியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். டாக்டரைவிட வயதில் நிறையவே இளையவள். மலைச் சைக்கிள் ஓட்ட அவரைப் பழக்கியவள் அவள்தான் என்பதால் அவருக்கு அவள் குரு.

“ஏன்?”

“எனக்காக எல்லாரும் நிக்காங்க.”

“நின்னா என்ன?”

“மானம் போகுது, டீச்சர்.”

டாக்டரின் கிளினிக்கில் தினமும் ஒரு கூட்டம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கும். அங்கே அவருக்கு ஒரு நாளும் மானம் போனதில்லை. குதிரைமொழித் தேரியில் மூன்று பேர் காத்திருந்தால் மட்டும் போய்விடும். மானமும் இடம் பார்த்துத்தான் போகிறது.

தேரி என்றால் மணல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மேடும் பள்ளமும். காற்றடித்தால் நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது. அதனால் நண்பர்கள் நால்வருக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த மிதி.

கடைசி ஆள் எப்போதும் டாக்டர்தான்.

மணலில் சக்கரம் புதையும். இறங்குவார், தள்ளுவார், ஏறுவார், விழுவார். மூச்சு வாங்க வந்து சேர்ந்தால், மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருப்பார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்தப் பொறுமையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“மணல்ல விழாம ஓட்டக் கத்துக்குடுங்க. இல்லன்னா என்னை விட்டுருங்க.”

பிளாவியா அவருடைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் முதலாவதாக நிறுத்தினாள்.

“டீச்சர், நான் பின்னாடி வாற ஆளு.”

“தெரியும்.”

“முன்னாடி விட்டா வேகம் வந்துருமா?”

“வராது.”

“பொறவு எதுக்கு?”

“போங்க, டாக்டர்.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விதியே என்று மிதித்தார்.

பின்னால் ரூபர்ட்டும் இசக்கிராஜாவும் வந்தார்கள். ஒருவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், மற்றவன் மருந்துக்கடைக்காரன். இருவரும் நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். கடைசியில் பிளாவியா.

யாரும் டாக்டரை முந்தவில்லை. அவர் விழுந்தபோது அவர்களும் நின்றார்கள். அவர் தள்ளியபோது அவர்களும் இறங்கித் தள்ளினார்கள்.

“முந்திப் போங்கப்பா” என்றார்.

“இல்ல டாக்டர், நீங்க போங்க” என்றான் ரூபர்ட்.

கேலி செய்கிறார்களோ என்று திரும்பி முகங்களைப் பார்த்தார். கேலி இல்லை. அது அவரை இன்னும் குழப்பியது.

ஒற்றைப் பனையருகே பாதை பிரிந்தது.

டாக்டர் நின்றார். இடப் பக்கமும் மணல், வலப் பக்கமும் மணல். இத்தனை நாள் வந்தும் எந்தப் பக்கம் போவது வழக்கம் என்று நினைவில்லை. கடைசியில் வருகிறவனுக்கு வழி எதற்கு என்று இருந்துவிட்டார்.

மூவரும் வந்து சேர்ந்தார்கள். அவரையே பார்த்தார்கள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

பிளாவியா மற்ற இருவர் பக்கம் திரும்பினாள். “டாக்டர் அடுத்த வாரத்துலேருந்து வரமாட்டாராம்.”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரூபர்ட் பாட்டிலை இறக்கினான்.

“பொறவு நாங்க தேரிய விட்டு எப்படி வெளிய வாறது?”

டாக்டர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னப்பா சொல்லுதிய? வழி உங்களுக்குத்தான தெரியும்?”

“எங்களுக்கு எங்க தெரியும்?” என்றான் இசக்கிராஜா.

“நீங்கதான எனக்காக நிப்பிய?”

“ஆமா, உங்களுக்காகத்தான் நிப்போம். நீங்க வருவிய. ஒரு வார்த்தை பேசமாட்டிய. தலையக் குனிஞ்சுக்கிட்டே ஒரு பக்கமாத் திரும்பி, நிக்காமப் போயிருவிய. நாங்க பின்னாடியே வருவோம். தரை கெட்டியானதும் உங்கள முந்துவோம். ஒரு தடவகூட வழி தப்பல.”

“எனக்குத் துணைக்கு வாறிய, தப்பான பக்கம் திரும்புனா கூப்பிடுவியன்னு நெனச்சேன்.”

“துணைக்கா?”

“நான் தலையக் குனிஞ்சது வெக்கத்துலப்பா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க நீங்க மண்ணுல தடம் பாக்கியன்னுல்லா நெனச்சோம்” என்றான் ரூபர்ட்.

டாக்டர் சுற்றிப் பார்த்தார். நான்கு பக்கமும் சிவப்பு. கையில் இருந்த தண்ணீரும் பாதிதான். இத்தனை நாள் இல்லாத பயம் இப்போது நிஜமாகவே வந்துவிட்டது.

“டீச்சர், உங்களுக்காவது வழி தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ இங்க யாருக்குத்தான் தெரியும்?”

பிளாவியா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

“வெயில் ஏறுது, டாக்டர். தலையக் குனிங்க, போகலாம்.”