மருந்துக்குக் கேட்காத ஓரம்

“புண் மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது, சிஸ்டர்.”

டாக்டர் பூங்குன்றன் இந்தப் புலம்பலை அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகப் புலம்பினார்.

மனுஷன் லேசுப்பட்ட ஆளில்லை. பன்னிரண்டு வருஷம் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்து, செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணியை வைத்து ஒரு களிம்பு செய்தவர். கண்ணாடித் தட்டில் வளர்த்த தோலில் கீறல் போட்டு அதைத் தடவினால், இரண்டே நாளில் கீறல் மூடிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு வந்தாலோ, மனுஷத் தோல் அவரை மருந்துக்குக்கூட மதிக்கவில்லை.

அதனால்தான் வெட்கத்தை விட்டு டிரஸ்ஸிங் அறைக்கு வந்தார். தன்னைவிட ஏழு வயது இளையவரான செலஸ்டினா சிஸ்டரிடம், “எனக்குக் கட்டுப் போடக் கத்துக்கொடுங்க” என்று நின்றார். வார்டே அவரை ‘சிஸ்டரோட சிஷ்யப்பிள்ளை’ என்று கிண்டல் பண்ணியது. பண்ணட்டுமே என்று விட்டுவிட்டார்.

“கேக்கலையா?” என்றார் செலஸ்டினா. “நீங்க அதுகிட்ட என்ன சொன்னீங்க?”

“வளரச் சொன்னேன். என் மருந்து செல்லோட கதவைத் தட்டும். அந்தச் சேதி உள்ளே உட்கரு வரைக்கும் போகும். அங்க சும்மா கிடக்கிற மரபணு முழிச்சுக்கும். ‘பெருகு, நகரு, மூடு’ன்னு உத்தரவு போடும்.”

“நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. யார்கிட்ட சொன்னீங்க?”

“புண்ணுகிட்டதான்.”

“புண்ணுங்கிறது வெறும் பள்ளம் டாக்டர். பள்ளத்துக்கு ஏது காது?”

அவருக்குச் சுருக்கென்றது.

கட்டிலில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவள். சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. உள்ளங்காலில் எட்டு மாசமாக ஒரு புண். வெள்ளிக்கிழமை பாதத்தை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் தீர்த்தகிரி சொல்லிவிட்டார்.

“கால எடுத்துட்டா நான் அடுப்படியில எப்படிம்மா நிப்பேன்?” என்று அவள் கேட்டாள். காலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

செலஸ்டினா கட்டைப் பிரித்தார். புண்ணைச் சுற்றிலும் ஓரம் வெள்ளை வெளேரென்று தடித்துக் காய்த்துப் போயிருந்தது. பூங்குன்றன் வழக்கம்போல் களிம்பை எடுத்தார்.

“அதை வைங்க” என்றார் செலஸ்டினா.

பிளேடை எடுத்து, அந்த ஓரத்தைச் சீவ ஆரம்பித்தார்.

“ஐயோ சிஸ்டர், என்ன பண்றீங்க! புண்ணு பெரிசாகுதே!”

“ஆமா, பெரிசாக்குறேன்.”

“வெள்ளிக்கிழமை ஆபரேஷனை வச்சுக்கிட்டு...”

“கையை எடுங்க டாக்டர்.”

எடுத்தார். சீவச் சீவ வெள்ளைத் தோல் தட்டில் விழுந்தது. சட்டென்று ஓரமெல்லாம் ரத்தம் துளிர்த்தது. வலி தெரியாவிட்டாலும் ரத்தத்தைப் பார்த்து முப்பிடாதி, “எம்மா!” என்று அலறினாள்.

செலஸ்டினா பிளேடைக் கீழே வைத்தார்.

“இப்ப போடுங்க உங்க மருந்தை.”

போட்டார். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. சிஸ்டர் செய்தது தப்பு என்று நிரூபித்தே தீருவது என்று, வெட்டிய தோலை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ரத்தம் வந்த இடத்திலிருந்து கடைசியாகச் சீவியதையும் தனியே எடுத்துக்கொண்டார்.

வெள்ளை ஓரத்தில் இருந்த செல்கள் சாகவுமில்லை, பெருகவுமில்லை. மருந்தைச் சொட்டினார். கதவு தட்டியும் சேதி உள்ளே போகவில்லை. வளர்ச்சிக்கான மரபணு ஒன்றுகூட அசையவில்லை. இன்னும் சொட்டினார். ம்ஹும்.

ரத்தம் வந்த இடத்துத் தோலில் ஒரே ஒரு சொட்டு விட்டார். மறுநாள் காலைக்குள் செல்கள் பெருகி, வரிசையாக நகர ஆரம்பித்திருந்தன.

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். இத்தனை நாளும் கிழட்டுச் செவிட்டுக் கூட்டத்தின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம் என்று அவமானமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

நேரே சர்ஜனிடம் போனார். “ரெண்டு வாரம் கொடுங்க சார். இந்தக் கால் பிழைக்கும்.”

“சீழ் மேல ஏறுச்சுன்னா?”

“அன்னைக்கே எடுத்துடுங்க. நான் குறுக்கே வரமாட்டேன். ஆனா ஏறாது.”

அப்படி அடித்துப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. தீர்த்தகிரி தலையாட்டினார்.

இரண்டு வாரமும் முப்பிடாதி தரையில் கால் ஊன்றவில்லை. அடுத்த முறை ஓரம் காய்த்தபோது செலஸ்டினா பிளேடைப் பூங்குன்றன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த முறை பக்கத்திலும் நிற்கவில்லை.

பதினாலாம் நாள் தீர்த்தகிரி வந்தார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் உள்ளே ஏறி வந்துகொண்டிருந்தது.

“ஆபரேஷன் வேண்டாம்மா” என்றார்.

முப்பிடாதி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தீர்த்தகிரி திரும்பினார். “பிரமாதம் டாக்டர். என்ன மருந்து போட்டீங்க?”

பன்னிரண்டு வருஷ உழைப்பின் பெயர் பூங்குன்றனின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அவர் செலஸ்டினாவைப் பார்த்தார். சிஸ்டர் அடுத்த கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பூங்குன்றன் கையிலிருந்த தட்டைச் சர்ஜன் முன்னால் நீட்டினார். அன்று காலை சீவியெடுத்த ஓரம் அதில் கிடந்தது.