செம்பனின் பின்னங்கால்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் செம்பன் என்ற குதிரை மேய்ந்துவந்தது. அதன் பின்னங்காலுக்குப் பயப்படாத விலங்கே அங்கு இல்லை. அந்தக் கோடையில் மட்டும் ஏழு பேர் உதை வாங்கியிருந்தார்கள். உதை மொத்தம் எட்டு. முயல் இரண்டு வாங்கியிருந்தது.

ஒரு நாள் செம்பனின் வலது பின்னங்குளம்பில் கருவேல முள் ஏறியது. மூன்று நாளில் கால் வீங்கிவிட்டது. நான்காம் நாள் இருபது அடி நடப்பதற்குள் ஐந்து தடவை நின்றது.

அன்றைக்குப் பார்த்து மைனா பறந்து வந்தது.

"சிறுத்தை வந்திருக்கிறது! நேற்று மலையடியில் இருந்தது, இன்று ஓடைக்குப் பக்கத்தில் திரிகிறது! செம்பா, உன்னால் ஓட முடியுமா?"

"நடக்கவே முடியவில்லை!" என்றது செம்பன்.

முள்ளை எடுக்க விரல் வேண்டும். விரல் உள்ளது மந்திக்கு மட்டும்தான். கூடியிருந்த எல்லோரும் மரத்தில் இருந்த மந்தியைப் பார்த்தார்கள்.

"ஒன்பதாவது உதை எனக்கா?" என்று முணுமுணுத்தது மந்தி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மரத்தைவிட்டு இறங்கி வந்தது.

ஒரு நீளமான கொடியை அறுத்து, ஒரு முனையைச் செம்பனின் கழுத்தில் கட்டியது. மறுமுனையைத் தன் வாலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"கை இரண்டும் முள்ளுக்கு வேண்டும். வால்தான் எனக்கு நல்ல பிடி!" என்றது.

பிறகு ஓசைப்படாமல் பின்னால் போய்க் குளம்பைத் தொட்டது.

அவ்வளவுதான்! கால் பறந்தது. மந்தியின் காதை ஒட்டிக் காற்று போனது. செம்பன் மூன்று காலில் துள்ளி ஓட, கொடி இறுக, மந்தி பன்னிரண்டு அடி தூரம் சேற்றில் இழுபட்டுப் போனது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "குதிரையை வாலில் கட்டிய கெட்டிக்காரியே! சேறு ருசியாக இருக்கிறதா?"

மந்தி வாயிலிருந்த சேற்றைத் துப்பியது. "நன்றி கெட்டவனே! உதவ வந்தவளையா உதைக்கிறாய்?"

"அக்கா, நீ பின்னால் போனது தெரியவில்லையே! சிறுத்தை என்று நினைத்துவிட்டேன்!" செம்பன் நடுங்கியது. "என் வாலுக்கு நேர் பின்னால் எனக்குக் கண் தெரியாது. அங்கே ஏதாவது பட்டால் கால் தானாகப் போய்விடுகிறது."

"ஏழு பேரை உதைத்தாயே! ஒருவரிடமாவது இதைச் சொன்னாயா?"

"எல்லோரும் தூரத்தில் நின்று திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரிடம் சொல்வது?"

மந்தி முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டது. பிறகு வாலிலிருந்து கொடியை அவிழ்த்தது.

"திருட்டுத்தனமாகப் பின்னால் வந்தது என் தப்பு. இனி உன் தோள் பக்கமாக வருவேன். பேசிக்கொண்டே வருவேன். வைத்த கையை எடுக்காமல் கால்வரை போவேன். நீ நகரக் கூடாது. நகர்ந்தால் மறுபடி தோளிலிருந்துதான்!"

கொடியை முயல் பல்லால் கவ்விக்கொண்டது. செம்பன் பாய்ந்தால் உடனே விட்டுவிடலாம் அல்லவா?

"செம்பா, வருகிறேன்!" மந்தி தோளில் கை வைத்தது. தோல் சிலிர்த்தது. செம்பன் நின்றது. கை முதுகில் போனது, இடுப்பில் போனது. காலைத் தொட்டதும் செம்பன் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"மறுபடி தோளிலிருந்து!"

இப்படி ஆறு தடவை நடந்தது. ஏழாவது தடவை, "காலைக் கொடு" என்றதும் செம்பன் தானே காலைத் தூக்கிக் கொடுத்தது.

முள் ஆழமாக இருந்தது. மந்தி நகத்தால் நெம்பியது. அந்த நேரம் மயில் அலறியது.

"சிறுத்தை! ஓடை மேட்டில் சிறுத்தை!"

முயல் கொடியை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. நரி போன இடம் தெரியவில்லை. செம்பனின் உடம்பெல்லாம் உதறியது.

"அக்கா, ஓடிவிடட்டுமா?"

"நில்! என் விரல் உன் குளம்பில் இருக்கிறது! பத்து எண்ணும்வரை நில்!"

காலை உதறியிருந்தால் மந்தியின் கை நொறுங்கியிருக்கும். முள்ளும் உள்ளேயே முறிந்திருக்கும். செம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ஒன்று, இரண்டு, மூன்று..."

ஆறு என்றபோது சிறுத்தை மேட்டிலிருந்து குதித்தது. எட்டு என்றபோது முள் வெளியே வந்தது.

"ஏறு அக்கா!"

மந்தி முதுகில் தாவியது. செம்பன் முதலில் நொண்டியது, பிறகு பறந்தது. சிறுத்தை மூங்கில் ஓரம்வரை துரத்தியது. அதற்குமேல் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

குளத்தின் மறுகரையில் செம்பன் நின்று நீளமாக ஒரு மூச்சு விட்டது. மந்தி அதன் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இறங்கலாம் அக்கா."

"இருடா, என் கால் இன்னும் ஆடுகிறது!"

இரண்டும் சிரித்தன.

பலம் உள்ளவர் அசையாமல் நிற்கப் பழகவேண்டும், அவரை நெருங்குபவர் தெரியும்படி வரப் பழகவேண்டும். அப்போதுதான் இருவருக்கும் நலம்.