எந்த ஆயில், மிஸ்?

“சிந்தெட்டிக்கா, சாதா ஆயிலா? வீட்ல நிக்கிற காருக்கு எதை ஊத்தட்டும், மிஸ்?”

ஷெர்லின் கேட்டது, டிரைவிங் ஸ்கூல் ஜமீலாவிடம். ஜமீலா அவளைவிட மூன்று வயது சின்னவள். ஆனாலும் சொல்லிக்கொடுப்பவள் மிஸ்தான். கான்வென்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

“சிந்தெட்டிக்,” என்றாள் ஜமீலா.

ஷெர்லின் வீட்டில் போய்ச் சொன்னாள். கணவனின் அண்ணன் சிரித்தார்.

“பழைய வண்டியில அதை ஊத்தினா ஒழுகும். என்ஜின் போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? தம்பி கப்பல்ல இருந்து இறங்கட்டும். அதுவரைக்கும் ஷெட்ல கிடக்கட்டும்.”

கிடந்தது.

போன மழையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தபோதும் கிடந்தது. ஆட்டோ வரும்வரை, நீலம் பாரிக்கிற உதட்டைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றவள் ஷெர்லின்தான்.

மறுநாள் மறுபடியும் கேட்டாள்.

“சாதா,” என்றாள் ஜமீலா.

“நேத்து சிந்தெட்டிக்னீங்களே!”

“ஆமா.”

“நாளைக்குக் கேட்டா?”

“தேங்கா எண்ணெய்னு சொல்லுவேன். ரோட்டைப் பாருங்கக்கா.”

மாடு ஒன்று குறுக்கே வந்தது. ஷெர்லினின் கால் தடுமாறியது. ஸ்கூல் வண்டியில் ஜமீலா பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் மிதித்தாள். வண்டி நின்றது.

“நல்லவேளை, நீங்க இருந்தீங்க மிஸ்.”

“பிள்ளைக்கு இழுக்கும்போது நான் எங்கக்கா இருப்பேன்?”

ஷெர்லினுக்கு முகம் சிவந்தது. நடுரோட்டிலேயே இறங்கிவிட்டாள்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க! எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தாள்.

ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் தூக்கினாள். ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திருகி எடுத்து, துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். அழுக்குக்கு அடியில், இந்த என்ஜினுக்கு எந்த எண் ஆயில் என்று அச்சிட்டிருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.

கடையில் சிந்தெட்டிக் டின்னிலும் அதே எண். சாதா டின்னிலும் அதே எண்.

கடைக்காரர் வாயைத் திறந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே,” என்றாள். ஒரு டின்னை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணவனின் அண்ணன் ஷெட் வாசலில் வந்து நின்றார். காருக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்துச் சட்டியில் பழைய ஆயில் கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, என்ஜின் போச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“நான்,” என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

காலையில் அந்தக் கார் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் பிள்ளை.

“ஏறுங்க மிஸ். ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போறேன்.”

முதல் வளைவு. ஜமீலாவின் கால் கீழே எதையோ தேடியது. இந்த வண்டியில் அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

“மெதுவாக்கா... மெதுவா! ஆமா, கடைசியில எந்த ஆயில்தான் ஊத்தினீங்க?”

ஷெர்லின் கியரை மாற்றினாள்.

“பெல்ட்டைப் போடுங்க, மிஸ்.”